சிவாஜியின் முகம் ஏன் அகலமாகிவிட்டது?

கேள்வி: வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 76 வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன தீபாவளி மலிவு விற்பனையில் அவருக்காக 65 இன்ச் டிவி வாங்கினோம். வந்த நாளிலிருந்து குறைதான். பழைய படம் போட்டால், "என்னம்மா இது, நாடகம் மாதிரி இருக்கு" என்கிறார். சிவாஜி முகம் அகலமாகிவிட்டதாம். எல்லார் முகமும் நீலம் பூத்திருக்கிறதாம். பேசுவது கேட்கவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது என்கிறார். அவர் சேர்த்து வைத்திருக்கும் விசிடி படங்கள் புகை மூட்டமாகத் தெரிகின்றன. இடி இடித்தால் போதும், பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். இவ்வளவு பெரிய டிவி கண்ணைக் கெடுத்துவிடும் என்று வேறு சொல்கிறார். இப்போது ஹாலுக்கே வருவதில்லை, அறையில் ரேடியோவோடு உட்கார்ந்துவிடுகிறார். "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறான் தம்பி. கண், காது டாக்டரிடம் கூட்டிப் போகவா, அல்லது இந்த டிவியை விற்றுவிட்டு வேறு பிராண்ட் வாங்கவா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் அப்பா சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஏழு. அதில் ஆறு சரி. ஆசிரியை நீங்கள், ஏழுக்கு ஆறு வாங்கினால் என்ன கிரேடு போடுவீர்கள்? பினாங்கில் முப்பது வருடத்துக்கு மேலாக டிவி பழுது பார்க்கிறேன். இவ்வளவு துல்லியமாகக் குறை சொல்லும் வாடிக்கையாளர் கிடைத்தால் எனக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். பெரும்பாலும் "படம் சரியில்லை, வந்து பாருங்க" என்பதோடு நின்றுவிடுவார்கள். டிவியை விற்க வேண்டாம். ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒரு மணி நேர வேலை இருக்கிறது.

முதலில் அந்த 'நாடகம் மாதிரி'. இதைச் சொன்னதற்காகவே அவருக்குக் கை கொடுக்க வேண்டும். சினிமாப் படம் வினாடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்படுவது. அந்தக் காலத்து டிவி நாடகங்களோ வீடியோ கேமராவில், வினாடிக்கு 50 தடவை பதிவாகும் முறையில் எடுக்கப்பட்டவை. அதனால் நாடகத்தில் கை அசைந்தால் வழுக்கிக்கொண்டு போகும், சினிமாவில் லேசான ஓர் அதிர்வு இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் நம் கண் இந்த வித்தியாசத்தை எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டது. இப்போதைய டிவிகள் என்ன செய்கின்றன என்றால், அந்த 24 சட்டங்களுக்கு நடுவில் தாங்களாகவே ஊகித்து புதுச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. பந்து விளையாட்டுக்கு அது நல்லது. 1960-களின் படத்துக்கு அதைச் செய்தால், ஸ்டூடியோவில் யாரோ ஒப்பனை போட்டு ஒத்திகை பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அப்பா கண்டுபிடித்தது அதைத்தான்.

இதை அணைக்க முடியும். பிக்சர் அமைப்புக்குள் போனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. எதுவாக இருந்தாலும் 'ஆஃப்'. இந்தத் தொல்லை உங்கள் அப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே, வீட்டு டிவியில் படம் பார்ப்பவர்கள் இதை அணைத்துவிட்டுப் பார்க்கும்படி ஒரு வீடியோவில் கேட்டுக்கொண்டார். அடுத்த வருடமே டிவி கம்பெனிகள் பிலிம்மேக்கர் மோட் என்ற ஒன்றை அறிவித்தன. உங்கள் டிவியில் அது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வழவழப்பும் போய்விடும், நிறமும் ஒழுங்காகிவிடும்.

நிறம் என்றதும் அந்த நீலம். கடையில் நூறு விளக்கு எரியும். பக்கத்தில் இருபது டிவி ஓடும். அங்கே எது கண்ணைப் பறிக்கிறதோ அது விற்கும். நீலம் தூக்கலாக, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால் வெள்ளை பளிச்சென்று இருக்கும். அதே அமைப்போடு வீட்டுக்கு வந்தால் எல்லாரும் கிருஷ்ணர் நிறத்தில் இருப்பார்கள். முதன்முதலாக டிவியைப் போட்டபோது 'வீடா, கடையா' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கும். கொண்டு வந்து மாட்டியவர் அவசரத்தில் 'கடை' என்று அழுத்திவிட்டுப் போயிருந்தால், நீங்கள் என்ன மாற்றினாலும் சிறிது நேரத்தில் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதை முதலில் பாருங்கள். பிறகு விவிட் மோட் என்றிருப்பதை சினிமா அல்லது மூவி என்று மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் உங்களுக்கு மஞ்சளாகத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

இனி சிவாஜி. ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டி வீட்டுக்கு இதே குறைக்காகப் போயிருந்தேன். அங்கே எம்ஜிஆர். "தம்பி, வாத்தியார் எப்பய்யா இவ்வளவு குண்டானாரு?" என்று கேட்டார். ரிமோட்டில் பட அளவு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன். முகம் சட்டென்று ஒடுங்கி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. பாட்டி எழுந்து கிட்டே வந்து, திரையில் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதான் இளைச்சாரு" என்றார். அதற்குக் கூலி வாங்க மனம் வரவில்லை. ஒரு கோப்பி கொடுத்தார், அது போதும்.

கணக்கு இதுதான்: பழைய படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த 'ராஜ ராஜ சோழன்'தான், அதுவும் சிவாஜி படம். அதற்குப் பிறகும் பல வருடம் பழைய சட்டத்திலேயே நிறையப் படங்கள் வந்தன. உங்கள் டிவி பதினாறுக்கு ஒன்பது. நாலுக்கு மூன்றை இழுத்து அதில் நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். உங்கள் கண்ணுக்கு அது பழகிவிட்டது. சிவாஜியைக் கொட்டகையில் பார்த்தவருக்குப் பழகாது. பட அளவை 'ஒரிஜினல்' என்று வையுங்கள். சில சமயம் ஒளிபரப்பே இழுத்துத்தான் வரும், அப்போது 4:3 என்று கட்டாயமாக வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அடுத்து செய்தி போட்டால் வாசிப்பவர் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகிவிடுவார், திரும்ப மாற்ற வேண்டும். அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள், அவரே மாற்றிக்கொள்வார். யூடியூபில் சிலர் மேலும் கீழும் வெட்டி, தலையில்லாமல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கறுப்புப் பட்டையைப் பார்த்து, "காசு கொடுத்து வாங்கின டிவியில் பாதி வேலை செய்யலையே" என்று உங்கள் தம்பி கேட்பார். கேட்கட்டும்.

அடுத்தது பேச்சு. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இதில் டிவிக்கும் பங்கு இருக்கிறது, வீட்டுக்கும் பங்கு இருக்கிறது, காதுக்கும் பங்கு இருக்கலாம்.

உங்கள் வீட்டில் முன்பு இருந்திருக்கக்கூடிய 29 இன்ச் டியூப் டிவியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கினோம். ஆனால் ஸ்பீக்கர் முன்பக்கம், முகத்துக்கு நேராக இருந்தது. இப்போது டிவியில் ஓரமே இல்லை, ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கிறார்கள். ஒலி முதலில் சுவரில் மோதி, டைல்ஸ் தரையில் மோதி, பிறகு அப்பாவிடம் வருகிறது. நம் வீட்டு ஹால்களில் திரைச்சீலையும் குறைவு, கம்பளமும் இல்லை. மேலே மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றுகிறது. சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

தமிழில் உயிரெழுத்தின் ஒலி தடிமனானது, தூரம் போகும். க, ச, ட, த, ப போன்றவற்றின் ஒலி மெல்லியது, மேல் அலைவரிசையில் இருப்பது. வயது ஏற ஏறக் காது முதலில் விடுவதும் அந்த மேல் பகுதியைத்தான். கடை, சடை, தடை, படை எல்லாம் முன்னெழுத்து தேய்ந்தால் ஒரே 'அடை'தான். அதனால்தான் "கேட்குது, புரியல" என்பார்கள் வயதானவர்கள். ஒலியைக் கூட்டினால் அடை இன்னும் பெரிய அடையாகும், அவ்வளவுதான். பாட்டு வந்தவுடன் காது கிழியும்.

டிவிக்குள் செய்யக் கூடியது: சரவுண்டு என்று எது தெரிந்தாலும் அணைத்துவிடுங்கள். பழைய படங்களின் ஒலி ஒரே தடம், அதை நாலு பக்கமும் பரப்புகிறேன் என்று கலக்கிவிடும். பேச்சைத் தூக்கிக் காட்டும் ஓர் அமைப்பு பெரும்பாலான டிவியில் உண்டு: எல்ஜியில் கிளியர் வாய்ஸ், சோனியில் வாய்ஸ் ஜூம். அதைப் போடுங்கள். ஆட்டோ வால்யூம் அல்லது நைட் மோட் இருந்தால் அதையும் போடுங்கள், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் உள்ள மேடு பள்ளத்தைக் குறைக்கும்.

இது போதாவிட்டால் உடனே ஆயிரம் வெள்ளிக்கு சவுண்ட்பார் வாங்கக் கிளம்பாதீர்கள். கணினிக்கு வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். நீளமான ஒயர் ஒன்று வாங்கி டிவியின் ஹெட்போன் துளையில் செருகி, ஸ்பீக்கரை அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வையுங்கள். பத்தடி தூரத்திலிருந்து வரும் ஒலியும் இரண்டடியிலிருந்து வரும் ஒலியும் ஒன்றல்ல, எதிரொலி சேருவதற்கு முன்பே சொல் காதுக்குப் போய்விடும். ஒலியின் அளவை அவர் கையாலேயே திருகிக்கொள்ளட்டும். சில டிவிகளில் ஹெட்போன் ஒயர் செருகினால் டிவியின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இரண்டும் ஒலிக்க ஒலி அமைப்பில் வழி இருக்கிறதா பாருங்கள். புளூடூத் வேண்டாம், பல நேரம் உதடு ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் வரும். இரண்டு வருடம் கழித்தும் சவுண்ட்பார் ஆசை இருந்தால், நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், காது டாக்டர். நான் டாக்டர் இல்லை, டிவிக்காரன். ஆனாலும் 76 வயது, ரயில்வேயில் வேலை, அத்தனை வருட இரைச்சல் என்றெல்லாம் யோசிக்கும்போது ஒரு பரிசோதனை செய்துகொள்வதில் தப்பில்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் சொன்னால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் ஒன்று: டிவி கேட்கவில்லை என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். முதலில் டிவியைச் சரி செய்யுங்கள். அதற்குப் பிறகும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் பேசுவது அவருக்கு விட்டுப்போனால், அப்போது போங்கள். இல்லாவிட்டால் டிவியின் குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஆகிவிடும்.

கண்? அதில்தான் அப்பாவுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. டிவி கண்ணைக் கெடுக்காது, இருட்டில் அதிக வெளிச்சத்தோடு பார்த்தால் கண் களைக்கும், அவ்வளவே. 65 இன்ச்சுக்கு எட்டு, ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் வசதி. சாமி படத்துக்கு மேலே, சீலிங்குக்குக் கீழே என்று உயரத்தில் மாட்டியிருந்தால் வலிப்பது கண் அல்ல, கழுத்து.

விசிடிக்கு வருவோம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. லெபோ பசாரிலும் லெபோ குயினிலும் பாட்டுக் கடைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கத்திய காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் போய் அடுக்கடுக்காக வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு மூன்று வட்டு. கொட்டகையில் ஒரே ஓர் இடைவேளை, வீட்டில் இரண்டு.

அந்த வட்டில் உள்ள படம் 352-க்கு 288 புள்ளி. மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். உங்கள் 4கே டிவியில் இருப்பது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. அதாவது வட்டில் உள்ள ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி 82 புள்ளிகளை நிரப்ப வேண்டும். ஒரு கரண்டி மாவில் 82 தோசை சுடச் சொன்னால் எப்படி வரும்? அதுதான் அந்தப் புகை மூட்டம். இதற்கு எந்த பிராண்டும் உதவாது. விலை உயர்ந்த டிவி கொஞ்சம் நாசூக்காகப் பூசி மெழுகும், அவ்வளவே.

பழைய டியூப் டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பின்கட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது என்றால், வேலை செய்தால், அப்பா அறைக்குக் கொண்டு போங்கள். விசிடிக்கு அதுதான் பொருத்தமான ஜோடி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை நேராகச் செருகிவிடலாம். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு முழுக்க நின்றுவிட்டது. அதனால் அந்த டிவியில் தனியாக எந்தச் சேனலும் வராது, ஆனால் விசிடி பார்க்க ஒளிபரப்பு எதற்கு? ஒரே ஒரு எச்சரிக்கை: வேலை செய்யவில்லை என்றால் தம்பியைப் பின் மூடியைக் கழற்ற விடாதீர்கள். படக்குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். டியூப் டிவி இல்லை என்றால் ஒரு 32 இன்ச் போதும், படம் சின்னதானால் புகையும் குறையும். அதில் மஞ்சள் துளை இருக்கிறதா என்று வாங்கும்போது கேளுங்கள். இல்லாவிட்டால் மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று கிடைக்கும். விசிடி பிளேயர் நின்றுபோயிருந்தால் ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தையில் ஒரு சுற்று வாருங்கள். அங்கேயே பிளக்கில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும், அது முக்கியம்.

இதோடு இன்னொன்று. விசிடியில் கேட்ட பாட்டு யூடியூபில் கேட்டால் இழுவையாக இருக்கிறது என்று அப்பா என்றைக்காவது சொன்னால், அதற்கும் சிரித்துவிடாதீர்கள். நம் நாட்டு டிவிகளின் 'பால்' (PAL) என்ற, வினாடிக்கு 25 சட்டம் ஓடும் ஒளிபரப்பு முறைக்காகத் தயாரிக்கும்போது 24 சட்டப் படத்தை 25-ஆக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதியும் ஒரு துளி ஏறியிருக்கும். இருபது வருடம் அப்படிக் கேட்ட காதுக்கு உண்மையான வேகம் மெதுவாகத்தான் படும்.

டிவி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால். அவருக்காக வாங்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு அவரைக் கூட்டிப் போனீர்களா? மலிவு விற்பனையில் நாம் பார்ப்பது விலைச்சீட்டை. அவர் பார்த்திருக்கக் கூடியது திரையை. ஒரு பென்டிரைவில் அவருக்குப் பிடித்த பழைய படத்தில் ஐந்து நிமிடத்தைப் போட்டுக்கொண்டு போய், கடையில் ஓட்டச் சொல்லியிருந்தால், ஏழு குறையில் மூன்றை அங்கேயே சொல்லியிருப்பார். கடைக்காரர் முகம் சுளிப்பார், ஆனால் விற்பனை வேண்டும் என்றால் போடுவார்.

ரிமோட்டுக்கும் ஒரு வழி. அவருக்குத் தேவையானது ஐந்தாறு பொத்தான்தான். மற்றவற்றின் மேல் கறுப்பு ஒயர் டேப்பை வெட்டி ஒட்டிவிடுங்கள், முக்கியமாகப் படச் சேவைகளின் பெயர் போட்ட அந்தப் பெரிய பொத்தான்கள். தெரியாமல் கை பட்டு எங்கோ போய்விட்டு, திரும்ப வரத் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு எழுந்து போனவர்களை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீடு படம் போட்ட பொத்தானை மட்டும் திறந்து வையுங்கள், வழி தவறினால் அதை அழுத்தச் சொல்லுங்கள். அவர் ரேடியோப் பிரியர் என்பதால் இன்னொன்று: இணையம் வழியாக டிவியிலேயே மின்னல் எஃப்எம் கேட்கலாம், திரையை மட்டும் அணைத்துவிட்டு ஒலியை ஓட விடும் வசதி எல்ஜி, சோனி போன்றவற்றில் இருக்கிறது. பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரில் அது நன்றாகவே கேட்கும். ஹாலுக்கு வர அவருக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

கடைசியாக இடி. இதில் வாதமே வேண்டாம், உலகத்தில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் நம் நாடும் ஒன்று. நானே பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. டிவி பிளக்கையும் டிகோடர் பிளக்கையும் எடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் டிவி செத்துக் கிடந்தது. பழுது பார்ப்பவன் வீட்டிலேயே! கூரை மேல் இருக்கும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளைக் கழற்ற மறந்திருந்தேன். அது வழியாக டிகோடருக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஒயர் வழியாக டிவிக்குள் போயிருக்கிறது. பிளக்கை எடுத்து என்ன பயன்? அதனால் அப்பா பிளக்கைப் பிடுங்கும்போது தடுக்காதீர்கள். மேகம் கறுக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரில் கை வைக்க வேண்டாம். டிகோடருக்குப் பின்னால் திருகு போட்ட அந்தக் கறுப்புக் கேபிளையும், மோடத்துக்கு வரும் ஒயரையும் அவரிடம் காட்டிக் கொடுங்கள். அவற்றையும் சேர்த்துக் கழற்றட்டும்.